நீங்கள் அவருக்கு யார்? ஆஸ்திரேலிய அஞ்சல் வாக்கெடுப்பு பற்றி ஊர்க்காரர்களிடம் ஒரு கேள்வி

ஆழ்வார்குறிச்சிக்காரன், சிட்னி
8 அக்டோபர் 2017

ஊர்க்காரர்கள் அனைவருக்கும் வணக்கம். ஆழ்வார்குறிச்சியில் பிறந்து, பாளையங்கோட்டையில் படித்து, பதினோரு ஆண்டுகளாகச் சிட்னியில் வென்ட்வொர்த்வில் பகுதியில் வசித்து வருகிறேன். ஆஸ்திரேலியக் குடியுரிமை பெற்றவன் என்பதால், செப்டம்பர் 12 முதல் வாக்காளர்களுக்கு அனுப்பப்படும் படிவம் எனக்கும் வந்திருக்கிறது. அதில் ஒரே ஒரு கேள்விதான் உள்ளது: ஒரே பாலினத்தைச் சேர்ந்த இருவர் திருமணம் செய்துகொள்ளும் வகையில் சட்டத்தை மாற்ற வேண்டுமா? கீழே 'ஆம்', 'இல்லை' என இரண்டு கட்டங்கள். நவம்பர் 7 மாலை 6 மணிக்குள் புள்ளியியல் துறையின் கைக்கு அது போய்ச் சேர வேண்டும். அஞ்சலில் தாமதம் ஆகலாம் என்பதால் அக்டோபர் 27-க்குள் அனுப்பிவிடும்படி சொல்கிறார்கள்.

என் மனைவி தன் படிவத்தில் 'ஆம்' என்று குறித்து வந்த வாரமே அனுப்பிவிட்டாள். என்னுடையது பூஜை அலமாரியில், திருச்செந்தூர் விபூதிப் பொட்டலத்துக்கு அடியில் கிடக்கிறது. அப்பாவிடம் தொலைபேசியில் சொன்னபோது, "நமக்கெதுக்குல அந்தச் சோலி" என்று பேச்சை முடித்துவிட்டார். இங்குள்ள தமிழர் வாட்ஸ்அப் குழுக்களில் 'இல்லை' என்று குறிக்கச் சொல்லி நாள்தோறும் ஏதாவது வருகிறது. பள்ளிக்கூடத்தில் ஆண்பிள்ளைகளைப் பாவாடை உடுத்தச் சொல்வார்கள் என்பது அவற்றில் ஒன்று. ஆனால் நான் இந்த நாட்டுக்கு வந்த புதிதில் எனக்கு வேலையைக் கற்றுக்கொடுத்தவர் இருபது ஆண்டுகளுக்கு மேலாக இன்னோர் ஆணுடன் குடும்பம் நடத்தி வருபவர். அவர் வீட்டில் நானும் என் பிள்ளைகளும் பலமுறை சாப்பிட்டிருக்கிறோம். இந்த ஒரு மாதத்தில் அவர் என்னிடம் வாக்கைப் பற்றி ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை. அவர் கேட்காமல் இருப்பதே எனக்கு மிகவும் பாரமாக இருக்கிறது. உங்கள் எண்ணத்தை மனம்விட்டுச் சொல்லுங்கள்.

சேரன்மகாதேவி, கன்னடியன் கால்வாய்க்கரை
8 அக்டோபர் 2017

தம்பி, நீங்கள் மனம்விட்டுக் கேட்டதால் நானும் மனம்விட்டே சொல்கிறேன். யாரையும் வெறுப்பவன் அல்லன் நான். அவரவர் வீட்டுக்குள் அவரவர் எப்படி வாழ்ந்தாலும் எனக்கு மறுப்பு இல்லை. ஆனால் திருமணம் என்பது நமக்கு வம்சம் தழைப்பதற்காக ஏற்பட்ட சடங்கு. பெண் எடுத்து, பெண் கொடுத்து, இரண்டு குடும்பங்கள் சம்பந்திகளாகிப் பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கும் ஏற்பாடு அது. அந்தப் பெயரை வேறோர் உறவுக்குக் கொடுக்கத்தான் வேண்டுமா? ஆஸ்திரேலியாவில் சேர்ந்து வாழ்பவர்களுக்குத் திருமணம் ஆனவர்களுக்கு நிகரான உரிமைகள் பெரும்பாலும் ஏற்கெனவே இருப்பதாகப் படித்தேன். இருக்கும்போது, பெயருக்காக ஏன் இத்தனை வாக்குவாதம்? உங்கள் அப்பா சொன்னதில் தவறு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

அம்பை பத்திர எழுத்தர்
9 அக்டோபர் 2017

கால்வாய்க்கரை அண்ணாச்சி கேட்ட கேள்வி நியாயமானது. "பெயருக்காக ஏன்?" என்கிறார். முப்பத்தொரு ஆண்டுகளாகச் சார்பதிவாளர் அலுவலக வாசலில் உட்கார்ந்து பெயர்களையும் உறவுமுறைகளையும் எழுதியே சோறு தின்றவன் என்ற முறையில், இதற்குச் சற்று விரிவாகவே பதில் சொல்ல விரும்புகிறேன்.

எங்கள் ஊரில் இரண்டு ஆசிரியைகள் இருந்தார்கள். ஒருவர் தமிழ், மற்றவர் அறிவியல். இளவயதில் ஒரே பள்ளியில் வேலைக்குச் சேர்ந்து, ஒரே வாடகை வீட்டில் தங்கி, பிறகு இருவருமே மணம் செய்துகொள்ளாமல் இருந்துவிட்டவர்கள். ஊர் அவர்களைத் தனித்தனியாகச் சொல்லாது, "டீச்சர்மார்" என்றுதான் சொல்லும். "டீச்சர்மார் வீட்டுக்கு முருங்கைக்காய் கொடுத்துட்டு வா" என்பார்கள். அவர்கள் ஒருவருக்கொருவர் என்ன என்று யாரும் கேட்டதில்லை, நானும் கேட்டதில்லை. 1994-இல் அவர்கள் வீடு வாங்கியபோது கிரயப் பத்திரம் எழுதியவன் நான்தான். அறிவியல் ஆசிரியையின் பெயருக்குத்தான் பத்திரம். தமிழாசிரியையின் சேமநல நிதிக் கடனும் அந்தக் கிரயத் தொகைக்குள் இருந்தது எனக்குத் தெரியும். அதனால் "இரண்டு பேர் பெயரையும் சேர்த்து எழுதட்டுமா?" என்று கேட்டேன். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு மூத்தவர், "சேர்த்து எழுதினால் யாருக்கு யார் என்ன உறவு என்று ஆபீஸில் கேட்பார்களே" என்றார். "கேட்க மாட்டார்கள், உறவில்லாதவர்களும் கூட்டாக வாங்கலாம்" என்று நான் அழுத்திச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லாமல் விட்டுவிட்டேன். அவர்கள் வீட்டு முன்னறையில் பத்தமடைப் பட்டுப்பாய் ஒன்று சுவரில் தொங்கும். கல்யாணப் பாயில் மாப்பிள்ளை பெயரையும் பெண் பெயரையும் சேர்த்து நெய்து கொடுப்பார்கள் அல்லவா, அதேபோல் இவர்கள் இருவரின் பெயரும் அதில் நெய்யப்பட்டிருந்தன. அந்தப் பாயைப் பார்த்த பிறகும் நான் வாயைத் திறக்கவில்லை.

2011-இல் அறிவியல் ஆசிரியை மயங்கி விழுந்தார். மருத்துவமனையில் அறுவைச் சிகிச்சைக்கு ஒப்புதல் படிவம் நீட்டினார்கள். 'நோயாளிக்கு உறவுமுறை' என்ற இடத்தில் தமிழாசிரியை 'தோழி' என்று எழுதினார். "தோழி கையெழுத்து செல்லாது, இரத்த உறவு யாரையாவது வரச் சொல்லுங்கள்" என்றார்கள். சென்னையிலிருந்து அண்ணன் மகன் மறுநாள் மதியம் வந்து சேரும்வரை, முப்பத்தைந்து ஆண்டுகள் ஒரே உலையில் பொங்கித் தின்ற அந்த அம்மா, வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். நோயாளி பிழைக்கவில்லை. முன்னதாகக் கையெழுத்து விழுந்திருந்தால் பிழைத்திருப்பார் என்று நான் சொல்ல மாட்டேன், அது எனக்குத் தெரியாது. கொள்ளி வைத்தது அண்ணன் மகன். பதினாறாம் நாள் கழிந்ததும் வாரிசுச் சான்றிதழுக்கு மனுப் போட்டார்கள். கிராம நிர்வாக அலுவலர் விசாரிக்க வந்தபோது தமிழாசிரியையும் அதே வீட்டில்தான் இருந்தார். "நீங்கள் அவருக்கு யார்?" என்று கேட்டிருக்கிறார். அவர் பதில் சொல்லவில்லை. 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, கணவனும் பிள்ளையும் இல்லாத பெண்ணின் சொத்து பெற்றோருக்கும், அவர்களும் இல்லையென்றால் தகப்பனாரின் வாரிசுகளுக்கும் போகும். அண்ணன் பிள்ளைகள் சட்டப்படிதான் நடந்தார்கள், அவர்களைக் குறைசொல்ல எனக்கு வழியில்லை. இரண்டு மாதத்தில் வீட்டுச் சாவி கை மாறியது.

உயில் எழுதியிருக்கலாமே என்று கேட்பீர்கள். எழுதியிருக்கலாம். சுயசம்பாத்தியச் சொத்தை யாருக்கு வேண்டுமானாலும் உயில் எழுதலாம், பதிவுகூடக் கட்டாயம் இல்லை. நானே இரண்டுமுறை நினைவுபடுத்தினேன். "சாவைப் பற்றி இப்பவே என்ன பேச்சு" என்று தள்ளிப்போட்டார்கள். மணமானவர்களிலும் பெரும்பாலோர் இப்படித்தான் தள்ளிப்போடுகிறார்கள், ஆனால் அவர்களுக்கு ஒன்றும் குடி முழுகிவிடுவதில்லை. முன்யோசனை இல்லாமல் செத்துப்போனவனின் மனைவியையும் சட்டம் மனைவியாகவே பார்க்கிறது. தவிரவும், உயிலால் மருத்துவமனைக் கையெழுத்தும் கிடைக்காது, குடும்ப ஓய்வூதியமும் கிடைக்காது.

ஆகவே, அண்ணாச்சி, நீங்கள் சொல்லும் சடங்கும் சம்பந்தி உறவும் எனக்கும் பிரியமானவைதான். ஆனால் இந்தப் படிவம் கேட்பது சடங்கைப் பற்றி அன்று. இருவர் ஒருவருக்கொருவர் யார் என்பதை அரசு தன் பதிவேட்டில் எழுதிக்கொள்ளுமா என்பதைத்தான் கேட்கிறது. ஒருவருக்காக அதை எழுதவும் இன்னொருவருக்காக மறுக்கவும் என்ன காரணம் இருக்கிறது என்று நான் யோசித்துப் பார்க்கிறேன், எனக்கு ஒன்றும் அகப்படவில்லை.

சமாதானபுரம், பாளையங்கோட்டை
10 அக்டோபர் 2017

பத்திர எழுத்தர் எழுதியது மனத்தை உலுக்கியது. ஆயினும் எங்கள் தரப்பில் ஓர் அச்சம் இருப்பதைச் சொல்லியாக வேண்டும். நான் எங்கள் கிறிஸ்தவ சபையை நிர்வகிக்கும் சேகரக் கமிட்டியில் பல ஆண்டுகள் இருந்தவன். திருமணம் ஆணுக்கும் பெண்ணுக்கும் இடையே தேவன் ஏற்படுத்தியது என்று விசுவாசிக்கிறவன். சட்டம் மாறிவிட்டால், நாளை இரண்டு பெண்கள் வந்து, திருமண அறிவிப்பான ஓலையை ஆலயத்தில் வாசிக்கும்படியும் திருமண ஆராதனை நடத்தும்படியும் கேட்டால், சேகரகுரு மறுக்க முடியாமல் போய்விடுமா? அரசாங்கப் பதிவேடு வேறு, ஆலயப் பதிவேடு வேறு என்று சொல்வது எளிது. நடைமுறையில் அது நிற்குமா?

கடையம் பெண், மெல்போர்ன்
10 அக்டோபர் 2017

சமாதானபுரம் ஐயாவுக்கு: நான் இங்கே செவிலியாக இருக்கிறேன், இந்த வாக்கெடுப்பைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்துக்கொண்டும் இருக்கிறேன். ஆஸ்திரேலியாவின் 1961-ஆம் ஆண்டுத் திருமணச் சட்டத்தில் 47-ஆம் பிரிவு என்று ஒன்று உண்டு. எந்த மதகுருவையும் எந்தத் திருமணத்தையும் நடத்தி வைக்கும்படி கட்டாயப்படுத்த முடியாது என்கிறது அது. விவாகரத்து ஆனவருக்கு மறுமணம் செய்துவைக்க மறுக்கும் குருமார்களை இன்றும் யாரும் கேள்வி கேட்பதில்லை. கத்தோலிக்க நாடான அயர்லாந்தில் 2015 மே மாதம் இதே கேள்வியை மக்களிடம் வைத்தார்கள், வாக்களித்தவர்களில் 62 சதவீதம் பேர் 'ஆம்' என்றார்கள். அங்குள்ள ஆலயங்களை யாரும் கட்டாயப்படுத்தவில்லை.

கால்வாய்க்கரை மாமா, "சேர்ந்து வாழ்பவர்களுக்கு உரிமை இருக்கிறதே" என்றீர்கள். உண்மைதான். 2008-இல் பல சட்டங்களைத் திருத்தி, சேர்ந்து வாழும் ஒருபாலின இணையருக்கும் அந்த உரிமைகளைக் கொடுத்தார்கள். ஆனால் சேர்ந்து வாழ்வதை ஒவ்வோர் இடத்திலும் நிரூபித்துக் காட்ட வேண்டியிருக்கிறது. ஒரே முகவரியா, வாடகை ஒப்பந்தத்தில் இருவர் பெயரும் உண்டா, வங்கிக் கணக்கு கூட்டாக இருக்கிறதா, உங்கள் உறவை அறிந்தவர்கள் யார் யார் என்று கேட்பார்கள். என்னிடம் இவற்றையெல்லாம் யாரும் கேட்டதே இல்லை. தென்காசியில் பதிவு செய்த ஒரு தாள் என்னிடம் இருப்பதால், உலகத்தில் எங்கே போனாலும் என் கணவர் என் கணவர்தான்.

வேற்று நாட்டில் மணந்த ஒருபாலின இணையருக்கும் அந்தத் தாள் இங்கே செல்லவில்லை. 2016 ஜனவரியில் இங்கிலாந்திலிருந்து தேனிலவுக்கு வந்த ஆண் இணையர் இருவரில் ஒருவர் அடிலெய்டில் தவறி விழுந்து இறந்துபோனார். இருவரும் தங்கள் நாட்டில் சட்டப்படி மணந்தவர்கள். ஆனால் இறப்புச் சான்றிதழில் 'ஒருபோதும் மணமாகாதவர்' என்று எழுதிக் கொடுத்தார்கள். மணமகனாக வந்து, கணவனை இழந்து, கையில் அப்படி ஒரு தாளுடன் அவர் திரும்பிப் போயிருக்கிறார். பிறகு அந்த மாநில முதல்வரே மன்னிப்புக் கேட்டார். இந்தச் செய்தியைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

இன்னொன்றையும் வேண்டுகோளாகச் சொல்லிவிடுகிறேன். நம் செய்தித்தாள்கள் எழுதும் 'ஓரினச்சேர்க்கை' என்ற சொல்லை இந்த இழையில் தவிர்ப்போம். நம் அம்மா அப்பாவின் இல்லறத்தை அப்படி ஒரு சொல்லால் குறிக்க நமக்கு நா வருமா?

சேரன்மகாதேவி, கன்னடியன் கால்வாய்க்கரை
11 அக்டோபர் 2017

டீச்சர்மார் கதையைப் படித்துவிட்டு வெகுநேரம் அப்படியே இருந்தேன். அந்த மருத்துவமனைப் பெஞ்ச் எனக்கும் மறக்காது. சட்டப் பாதுகாப்பு வேண்டும் என்பதை ஏற்கிறேன். என் தயக்கம் பிள்ளைகளைப் பற்றியது. தாயும் தகப்பனும் இல்லாத வீட்டில் வளரும் பிள்ளைக்கு அது குறையாகாதா? அத்துடன், முன்னோர் வைத்த முறையைப் பெரும்பான்மை வாக்கால் மாற்றலாம் என்றால், எதைத்தான் மாற்றக்கூடாது?

கடையம் பெண், மெல்போர்ன்
11 அக்டோபர் 2017

மாமா, பிள்ளைகள் ஏற்கெனவே இருக்கிறார்கள். நான் வேலை செய்யும் இடத்திலேயே இரண்டு தாய்மார் சேர்ந்து வளர்க்கும் குழந்தைகளுக்குத் தடுப்பூசி போடுகிறேன். எங்கள் விக்டோரியா மாநிலத்தில் 2016 முதல் இவர்கள் தத்தெடுக்கவும் சட்டம் இடம் தருகிறது. வாக்கின் முடிவு எதுவானாலும் அந்தக் குழந்தைகள் அந்த வீட்டில்தான் வளரப் போகிறார்கள். அவர்களைப் பெற்று வளர்ப்பவர்கள் மணமானவர்களா இல்லையா என்பது மட்டும்தான் இதில் மாறும். பள்ளிக்கூடப் பாவாடைக் கதையும் இப்படித்தான், பாடத்திட்டத்தைப் பற்றி அந்தப் படிவத்தில் ஒரு சொல்கூட இல்லை.

அம்பை பத்திர எழுத்தர்
12 அக்டோபர் 2017

முன்னோர் வைத்த முறை என்று அண்ணாச்சி சொன்னதற்கு, என் வீட்டுக் கதை ஒன்றையே பதிலாக வைக்கிறேன். என் பெற்றோருக்கு 1961-இல் அம்பாசமுத்திரத்தில் சுயமரியாதைத் திருமணம் நடந்தது. புரோகிதர் இல்லை, ஓமம் இல்லை. மாலை மாற்றிக்கொண்டார்கள், நான்கு பேர் வாழ்த்திப் பேசினார்கள், சாப்பாடு போட்டார்கள். என் தாத்தாவின் அண்ணன், "இது கல்யாணமே இல்லை" என்று சொல்லிப் பந்தியில் உட்காராமல் போய்விட்டார். இந்தத் தொழிலுக்கு வந்து சட்டப் புத்தகங்களைப் புரட்டத் தொடங்கிய பிறகுதான், அவர் சொன்னதே அன்றைய சட்டமாகவும் இருந்தது எனக்குத் தெரிந்தது. சடங்கு இல்லாத சுயமரியாதைத் திருமணம் செல்லாது என்று 1953-இல் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்திருந்தது. 1967-இல் அண்ணா முதலமைச்சராக இருந்தபோது இந்துத் திருமணச் சட்டத்தில் 7-ஏ என்ற பிரிவைச் சேர்த்து, அதற்குமுன் நடந்த திருமணங்களும் செல்லும் என்று ஆக்கினார்கள். நான் பிறந்தது 1963-இல். எனவே நான் பள்ளிக்கூடத்தில் சேரும் வயது வரும்வரை, சட்டத்தின் கண்ணில் என் அம்மா என் அப்பாவின் மனைவி அல்லர்.

அந்தத் திருத்தத்தால் ஓமம் வளர்த்துத் தாலி கட்டியவர்களின் திருமணத்துக்கு என்ன குறை வந்தது? எங்கள் தெருவில் இன்றும் புரோகிதர் வந்து மந்திரம் சொல்லித்தான் பாதிக் கல்யாணம் நடக்கிறது. பெரிய தாத்தாவின் பேரன் கல்யாணத்துக்கு என் அம்மாதான் குத்துவிளக்கு ஏற்றினார்.

பிள்ளை பெறுவதுதான் திருமணத்தின் அளவுகோல் என்றால், மனைவியை இழந்து அறுபது வயதில் மறுமணம் செய்துகொள்கிறவரின் பதிவை யாராவது மறுக்கிறார்களா? நானே பலருக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன். துணை வேண்டும் என்பார்கள், அந்தக் காரணம் அலுவலகத்துக்குப் போதுமானதாக இருக்கிறது.

நீதிமன்ற வளாகம், பாளை
13 அக்டோபர் 2017

வழக்கறிஞர் என்ற முறையில் ஒன்றைச் சேர்க்கிறேன். சிலருடைய உரிமையை மற்றவர்களிடம் வாக்குக்கு விடுவதே எனக்கு உறுத்தலாக இருக்கிறது. 2004-இல் அந்நாட்டு நாடாளுமன்றம் எந்த வாக்கெடுப்பும் இல்லாமல்தான் 'ஓர் ஆணும் ஒரு பெண்ணும்' என்று திருமணச் சட்டத்தில் எழுதியது. அதை நீக்குவதற்கு மட்டும் ஊரெல்லாம் கேட்க வேண்டும் என்கிறார்கள். இத்தனைக்கும் இந்த வாக்கு நாடாளுமன்றத்தைக் கட்டுப்படுத்தாது.

நம் பக்கத்திலும் இப்படி ஒன்று நடந்திருக்கிறது. 1932-இல் குருவாயூர்க் கோயிலைத் தாழ்த்தப்பட்டோருக்குத் திறந்துவிடக் கோரி விடுதலைப் போராட்டத் தலைவர் கேளப்பன் உண்ணாவிரதம் இருந்தார். அதன் தொடர்ச்சியாக, கோயில் இருந்த பொன்னானி தாலுகாவில் வாக்கெடுப்பு எடுத்தார்கள். நம் நெல்லையைப் போலவே அதுவும் அன்று சென்னை மாகாணத்துக்குள்தான் இருந்தது. கோயிலுக்குள் போக ஏற்கெனவே உரிமை உள்ளவர்களிடம் மட்டுமே கேட்டார்கள், வெளியே நிற்பவர்களைக் கேட்கவே இல்லை. வாக்களித்தவர்களில் நான்கில் மூன்று பங்குக்கு மேற்பட்டோர் திறக்கலாம் என்றார்கள். அப்படியும் கதவு திறந்தது 1947-இல்தான்.

இதனால் வாக்குச் செலுத்தாமல் இருந்துவிடலாம் என்று தம்பி முடிவு செய்துவிடக் கூடாது. 2008-இல் கலிபோர்னியாவில் நீதிமன்றம் கொடுத்த திருமண உரிமையைச் சில மாதங்களிலேயே 52 சதவீத வாக்குகள் பறித்தன. பிறகு வழக்காடித்தான் மீட்டார்கள். ஸ்லோவேனியாவில் நாடாளுமன்றம் இயற்றிய சட்டத்தை 2015 டிசம்பரில் மக்கள் வாக்கு நிராகரித்தது. வாக்கெடுப்பு தவறான வழி என்று எண்ணுகிறவர்களும், கையில் படிவம் இருந்தால், அதைக் குறித்து அனுப்பத்தான் வேண்டும்.

நம் நாட்டில், ஒரே பாலினத்தவரின் உறவைக் குற்றமாக்கும் 377-ஆம் பிரிவு இந்த 2017-இலும் உயிரோடு இருக்கிறது. 2013 டிசம்பரில் உச்ச நீதிமன்றமே அதை நிலைநிறுத்திவிட்டது. ஆனால் இந்த ஆண்டு ஆகஸ்ட் 24 அன்று ஒன்பது நீதிபதிகள் அமர்வு அந்தரங்க உரிமை வழக்கில் அளித்த தீர்ப்பு, ஒருவரின் பாலீர்ப்பும் அந்த உரிமைக்குள் அடங்கும் என்று சொல்லிவிட்டது. இங்கேயும் கதவு அசையத் தொடங்கியிருக்கிறது என்றே நான் நம்புகிறேன்.

சமாதானபுரம், பாளையங்கோட்டை
14 அக்டோபர் 2017

மெல்போர்ன் மகளுக்கு நன்றி. 47-ஆம் பிரிவைத் தேடிப் படித்தேன், நீங்கள் சொன்னபடிதான் இருக்கிறது. என் விசுவாசத்தில் மாற்றம் இல்லை. ஆலயத்தில் நான் கைக்கொள்வதை அரசாங்கப் பதிவேட்டிலும் எல்லோர் மேலும் சுமத்த வேண்டுமா என்று கேட்டால், வேண்டாம் என்றே சொல்வேன். எனக்கு அங்கே வாக்கு இல்லை. இருந்திருந்தால் இரண்டு வாரத்துக்கு முன்பு ஒன்றும் இப்போது வேறொன்றும் குறித்திருப்பேன்.

ஆழ்வார்குறிச்சிக்காரன், சிட்னி
19 அக்டோபர் 2017

எல்லோருக்கும் நன்றி. நேற்றுத் தீபாவளிக்கு அப்பாவிடம் பேசும்போது டீச்சர்மார் கதையை முழுவதும் சொன்னேன். குறுக்கே பேசாமல் கேட்டார். "அந்த அம்மாளை வீட்டை விட்டு அனுப்பினது அநியாயம்" என்றார். "அப்படியானால் 'ஆம்' என்று குறிக்கட்டுமா?" என்று கேட்டதற்கு, "அது வேற, இது வேற" என்று சொல்லிவிட்டுத் தொலைபேசியை அம்மாவிடம் கொடுத்துவிட்டார். அவர் மனம் மாறியதாக நான் சொல்ல மாட்டேன். ஆனால் சோலி இல்லை என்று இந்தமுறை சொல்லவில்லை.

இன்று காலை படிவத்தை எடுத்து, விபூதியைத் தட்டிவிட்டு, 'ஆம்' என்று குறித்து, ரயில் நிலையத்துக்கு அருகில் உள்ள அஞ்சல் பெட்டியில் போட்டேன். என் அலுவலகப் பெரியவரிடம் சொல்லவில்லை. அவர் கேட்டு, நான் கொடுத்தேன் என்று ஆகிவிடக் கூடாது என்று தோன்றியது.

பத்திர எழுத்தர் அண்ணாச்சி, ஒன்று மட்டும் கேட்க வேண்டும். அந்தத் தமிழாசிரியை இப்போது எங்கே இருக்கிறார்கள்?

அம்பை பத்திர எழுத்தர்
20 அக்டோபர் 2017

கல்லிடைக்குறிச்சியில் ஒற்றை அறை வாடகை வீட்டில் இருக்கிறார்கள், தம்பி. ஆசிரியர் ஓய்வூதியம் வருகிறது, சாப்பாட்டுக்குக் குறைவில்லை. சென்ற வாரம் போய்ப் பார்த்தேன். பழைய வீட்டிலிருந்து எடுத்துக்கொண்டு வந்தவை ஒரு டிரங்குப் பெட்டியும், இரண்டு பேர் பெயரும் நெய்த அந்தப் பத்தமடைப் பாயும்தான். அண்ணன் பிள்ளைகள் அதை எடுத்துப்போக மறுப்புச் சொல்லவில்லை. வாடகை வீட்டுச் சுவரில் ஆணி அடிக்க வீட்டுக்காரர் சம்மதிப்பதில்லை என்பதால், அது கதவுக்குப் பின்னால் சுருட்டி வைத்தபடி இருக்கிறது.

நான் இப்போது அவர்களுக்காக ஓர் உயில் எழுதிக்கொண்டிருக்கிறேன். அந்தப் பாயை யாருக்கு எழுதி வைப்பது என்று அவர்கள் இன்னும் முடிவு செய்யவில்லை.